கண்ணாடி அறைக்குப் போட்ட திரை

அந்தத் தெருவில் ஜன்னலுக்குத் திரை இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது திரை தைக்கிறவளுடைய வீடு.

தெரு லேசில் விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஸ்கிரீன்காரம்மா வீட்ல லைட்டு போட்டா அடுப்படி வரைக்கும் தெரியுது" என்று ஒருத்தி. "புருஷன் போனதோட புத்தியும் போயிடுச்சு, பாவம்" என்று இன்னொருத்தி. புத்தி எங்கேயும் போகவில்லை. சொல்லப்போனால் அது வந்துதான் தொலைத்தது. வர வேண்டிய நேரத்தில் வராமல், எல்லாம் முடிந்த பிறகு வந்து வாசலில் நின்றது. அப்படி வந்த புத்தியை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வாள்? முப்பது வருஷமாகத் தன் கையால் தைத்து மாட்டிய திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் அவள் தைத்தது சட்டையும் கவுனும். ஆனால் மனுஷ உடம்பை நம்பித் தொழில் செய்ய முடியாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டாள். இன்றைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் வந்து இடுப்பில் பிடிக்கிறது, தோளில் தொங்குகிறது என்பார்கள். பழி தையல்காரி தலையில். "ஜன்னலுக்குத் தைக்கறதுதான் நிம்மதி" என்பாள். "ஜன்னல் பெருக்காது, இளைக்காது. நான் எப்பவும் இதே சைஸ்தான்னு பொய் சொல்லாது." இப்படித்தான் ஸ்கிரீன்காரம்மா ஆனாள். சொந்தப் பேர் மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் இருந்தது.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஜன்னல் எவ்வளவு அகலமோ அதைப் போல இரண்டு மடங்கு துணி கேட்பாள். ஒரு சாண் குறைத்தாலும் தைக்க மாட்டாள். "மடிப்பு விழலைன்னா அது ஸ்கிரீன் இல்லை, காயப்போட்ட துண்டு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். எங்கே போனாலும் கைப்பையில் இஞ்ச் டேப்பு, ஊசி நூல், ஒரு டப்பா நிறைய ஊக்கு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்குமுன் மண்டபத்துத் திரைகளைப் பார்ப்பாள்.

கூச்சமும் அவளுக்குக் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி வந்த வீடு ஒன்றரை அறை. மகள் பிறந்த பிறகு அந்த ஒரு அறையையும் நடுவில் திரை போட்டு இரண்டாக்கினாள். அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும், அந்தப் பக்கம் பிள்ளை. பேச்சு, சிரிப்பு, சண்டை, மற்றது எல்லாம் குசுகுசுவென்று, விளக்கை அணைத்த பிறகுதான். மகள் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீடும் பெரிதாயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை. அவர் குளித்துவிட்டு வந்தால் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டுத்தான் வெளியே வருவார். அவள் உடை மாற்றினால் ஆள் இல்லாத வீட்டிலும் கதவுக்குத் தாழ். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒருவர் முதுகை ஒருவர் வெளிச்சத்தில் பார்த்ததில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அவளும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

அவர் தராசு ரிப்பேர் செய்கிறவர். கடைத்தெருவில் தராசுக்காரர் என்றால் குழந்தைக்கும் தெரியும். மளிகைக் கடை, நகைக் கடை, இரும்புக் கடை, எல்லா இடத்துத் தராசும் அவர் கைக்கு வந்து போகும். நல்ல தொந்தி, அதைத் தட்டி "இதுதான் என் எடைக்கல்லு" என்பார். எடை பார்க்கும் மெஷின் எங்கே கண்ணில் பட்டாலும் ஏறாமல் நகர மாட்டார். மருந்துக்கடை வாசல், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, எதுவானாலும் ஏறி, முள்ளைப் பார்த்து, காதை வைத்துக் கேட்காத குறையாக நின்று, "அரை கிலோ கூட்டிக் காட்டுறான், திருட்டுப்பய" என்று மெஷினைத் திட்டிவிட்டு இறங்குவார். பெண்டாட்டிக்கு இதில் மானம் போகும். "எடை பாக்க வந்தீங்களா, மெஷினோட சண்டை போட வந்தீங்களா?" என்பாள்.

அந்த மனுஷன் இளைக்க ஆரம்பித்தார். தொந்தி கரைந்தது. பெல்ட்டில் அவரே ஆணியை வைத்து அடித்துப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். கேட்டதற்கு "காலைல நடக்கறேன்ல, ராத்திரி சாப்பாட்டையும் குறைச்சுட்டேன்" என்றார். அவளுக்குச் சந்தோஷம். "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று கன்னத்தைக் கிள்ளினாள். சட்டைக்குள்ளே, விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கத்தில் ஒரு கட்டி மேலே எழும்பிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவருடைய அப்பா அதே மாதிரி ஒரு கட்டியோடு போனவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் கூச்சம் இருந்தால் போதும்.

அப்படி இருக்கும்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கேன். ரெண்டு நாள் போய் இருந்துட்டு வாங்க. சும்மா ஹோட்டல் இல்ல, ரொம்ப வித்தியாசமா கட்டியிருக்காங்க. எல்லாரும் போட்டோ எடுத்துப் போடறாங்க."

"எனக்கு எதுக்குடி வித்தியாசம்? நாலு ஆர்டர் பாக்கி நிக்குது."

"அப்பாதான் ஆசைப்படறாரும்மா. உங்ககிட்ட சொல்லாதேன்னார். நான் சொல்லிட்டேன்."

அவர் ஆசைப்பட்டாரா? பக்கத்துத் தெருவுக்குச் சினிமாவுக்குக் கூப்பிட்டாலே "கூட்டமா இருக்கும்" என்கிற மனுஷனா? அவளுக்கு ஆச்சரியம். ஆனால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆசைப்பட்டுவிட்டாரே என்கிற சந்தோஷத்தில் நாலு ஆர்டரையும் தள்ளிப்போட்டுவிட்டுப் புதுச் செருப்பு வாங்கினாள்.

ரயிலில் நாலு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. ஹோட்டல் வாசலில் இறங்கியதும் இருவரும் முழித்தார்கள். கதவுக்குக் கைப்பிடி இல்லை. ஒரு பெரிய மூக்கு இருந்தது. அதைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே வரவேற்பு மேஜை, குளியல் தொட்டியைக் குறுக்கே அறுத்துக் கவிழ்த்தது. லிஃப்டு முழுக்கப் பச்சைப் புல், சுவரிலும் கூரையிலும். அறைகளுக்கு நம்பர் கிடையாது, படம்தான். இவர்களுக்குக் கிடைத்தது தலைகீழாகப் பிடித்த குடை. சாவியை ஒரு குழம்புக் கரண்டியில் கட்டிக் கொடுத்தார்கள்.

கொடுத்தவள் தலைமுடியில் பாதியை நீலமாக்கிக்கொண்ட ஒரு பெண். சிரித்த முகம். "கரண்டி எதுக்கும்மா?" என்று ஸ்கிரீன்காரம்மா கேட்டதற்கு, "அது எங்க கான்செப்ட் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். மூக்கு ஏன்? அதுவும் கான்செப்ட். தராசுக்காரர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். லிஃப்டில் ஏறியதும் புல்லைத் தொட்டுப் பார்த்து, "மாடு மட்டும்தான் பாக்கி. அதுவும் வரும், கான்செப்ட்" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அறைக்குள் போனால் கட்டில் வட்டமாக இருந்தது. தட்டு மாதிரி வட்டம். தலைமாடு எது, கால்மாடு எது? அவள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எங்கே தலை வெக்கறது? தலைகால் புரியலையே!"

"இதுக்குத்தான் அந்தக் காலத்துலயே சொல்லி வெச்சிருக்காங்க" என்றார் அவர். இருவரும் அந்தத் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

குளியலறை. கட்டிலுக்கு நேர் எதிரே. சுவர் இல்லை, கண்ணாடி. கூரையிலிருந்து தரைவரை ஒரே கண்ணாடி, கதவும் கண்ணாடி. மங்கலாக்கிய கண்ணாடி கூட இல்லை, பளிங்கு மாதிரிச் சுத்தம். உள்ளே மேலிருந்து நாலு விளக்கு. குளிக்கிறவரைக் கட்டிலில் இருக்கிறவர் சினிமா பார்ப்பதுபோல் பார்க்கலாம். இதை வரைந்தவன் வீட்டில் யாரும் குளிப்பதில்லை போலிருக்கிறது.

"அய்யய்யோ! இது என்ன மீன் தொட்டி!" என்றாள். உடனே கரண்டிச் சாவியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். வேறு அறை இல்லையா? எல்லா அறையும் இப்படித்தானாம். திரை கிரை ஏதாவது? "இல்ல ஆன்ட்டி. அதுதான் எங்க மெயின் கான்செப்ட். ஒளிவுமறைவே கூடாதுன்னு" என்றாள் நீல முடிப் பெண்.

மேலே வந்தாள். அவர் கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாதிரி அமைதி. பஸ்ஸை விட்டுவிட்டோம் என்று நினைத்து ஓடி வந்தவன், பஸ் இன்னும் நிற்பதைப் பார்த்தால் இருக்குமே, அப்படி. அவளுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"ஸ்கிரீன் போடறேன்."

அவர் விரிப்பின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "போடணுமா?" என்றார்.

"பின்னே? வெக்கமில்லையா உங்களுக்கு?"

"நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"ரெண்டு பேர்னா?"

"அப்படியே இருக்கட்டுமே. ரெண்டு நாள்தானே."

"வயசான காலத்துல புத்தி போகுது பாரு!" என்று அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அவருக்கு ஆசை வந்துவிட்டதாக நினைத்தாள். காது வரை சிவந்தாள். அந்தச் சிவப்போடு இன்னும் வேகமாக வேலையில் இறங்கினாள்.

வேலை வந்துவிட்டால் அவளுக்குக் கண் மண் தெரியாது. விரிப்பை இரண்டாக மடித்து அளந்தாள். மேல் ஓரத்தைத் திருப்பி ஊக்குகளை வரிசையாகக் குத்திக் கயிறு போக வழி செய்தாள். கயிறு? அவருடைய பைஜாமாவிலிருந்து நாடாவை உருவினாள். நீளம் போதாமல் கைப்பையிலிருந்த நாடாத் துண்டை அதோடு முடிந்தாள். ஸ்டூலில் ஏறி ஒரு முனையை டவல் கொக்கியிலும் மறுமுனையைக் கண்ணாடியைத் தாங்கும் இரும்புக் குழாயிலும் இழுத்துக் கட்டினாள். நாடா இல்லாத பைஜாமாவை அவர் வேறு வழியில்லாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஸ்டூலிலிருந்து விழாதது புண்ணியம். பைஜாமா ஏன் அப்படி வழுக்கியது என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தத் தையல்காரி யோசித்திருக்கலாம்.

கடைசியில் கீழே இறங்கி, இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்தியில்லை. திரும்ப ஏறி மடிப்புகளை விரல் விரலாகப் பிரித்துச் சமமாக வைத்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் அவர். "நீ திருந்த மாட்டே."

தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த நீல முடிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நிஜமாவே சூப்பர்!" என்று போனில் படம் பிடித்துக்கொண்டாள், யார், என்ன, எந்த ஊர் என்று விசாரித்து நம்பரும் வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவர் திரைக்கு அந்தப் பக்கம் குளித்தார். நாலு விளக்கும் எரிந்தன. இவள் இந்தப் பக்கம் வட்டக் கட்டிலில் கால் நீட்டி, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு ஓரத்தில் மடிப்பு கொஞ்சம் கோணலாக இருக்கிறதே, நாளைக்குச் சரி பண்ணணும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் ரொம்ப நேரம் குளித்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் ஊர் சுற்றினார்கள். ஆற்றங்கரை, பூங்கா, கடைவீதி. நாலு எட்டு நடந்தால் அவர் ஒரு பெஞ்சைத் தேடினார். "செருப்பு கடிக்குது" என்றார். படகில் போகும்போது அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பட்டப்பகலில், படகுக்காரர் பார்க்க. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு மாடி வீட்டு ஜன்னலில் திரை காற்றில் வெளியே பறந்தது. "அதைப் பாருங்க, கீழ் மடிப்புல கனமே வெக்கலை. கனம் வெச்சாத்தானே நிக்கும்!" என்றாள். திரும்பி, "என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

கிளம்பும் நாள் காலையில் பெட்டியோடு கீழே இறங்கினார்கள். கூடத்து மூலையில் அலங்காரத்துக்காக ஒரு பழைய எடை மெஷின் நிறுத்தியிருந்தார்கள். ஆள் உயரம், வட்ட முகம், பெரிய முள். இரண்டு நாளும் அதைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். அவர் ஏறவில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னங்க, உங்க சொந்தக்காரர் நிக்கிறார், கண்டுக்காம போறீங்க?"

"இது வெறும் ஷோவுக்கு வெச்சது. வேலை செய்யாது."

"ஏறிப் பாத்துட்டுத்தானே சொல்லுவீங்க? மடியில கனம் இருந்தாத்தான் பயம். உங்களுக்குத்தான் தொந்தியே போச்சே, ஏறுங்க!" என்று பிடித்துத் தள்ளினாள்.

ஏறினார். முள் நகர்ந்தது, நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வழக்கம்போல் திட்டவில்லை. அவள் எட்டிப் பார்த்து, "ஐயோ, இவ்வளவுதானா?" என்றாள்.

"பொய் சொல்லுது" என்றார். "ஸ்பிரிங் போயிடுச்சு."

தராசு பொய் சொல்கிறது என்று தராசுக்காரர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அவளும் விளையாட்டுக்கு ஏறினாள். முள், அவளுக்கு எப்போதும் எங்கே நிற்குமோ அங்கே போய் நின்றது.

"எனக்குச் சரியாத்தானே காட்டுது?"

அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே, "குண்டா இருக்கறவங்களுக்குச் சரியாக் காட்டும். அதுதான் இவங்க கான்செப்ட்" என்றார். அவள் அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள். நீல முடிப் பெண்ணும் சிரித்தாள். மூக்கைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் சிரித்தபடியே வெளியே வந்தார்கள்.

அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான இரண்டு நாள் அதுதான். ஊருக்கு வந்து யாரைப் பார்த்தாலும் வட்டக் கட்டிலையும் மூக்கையும் பற்றிச் சொன்னாள். மீன் தொட்டிக்குத் தான் திரை போட்ட கதையைப் பெருமையாகச் சொன்னாள். தள்ளிப்போட்ட ஆர்டர்களைத் தைத்து முடித்தாள். அப்புறம் மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் மளிகைக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தார். தராசைத் தூக்கப் போன தராசுக்காரர் அதன் மேலேயே சாய்ந்துவிட்டாராம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார். ஸ்கேன், ரத்தம், ஊசி குத்தி எடுத்த சதை, எல்லாம் பிறகு வந்தன. சொல்ல வேண்டியதைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "இவ்வளவு பெருசாகிற வரைக்கும் வெளிய தெரியாம இருந்திருக்காதும்மா. ஒரே வீட்ல இருக்கீங்க. கண்ணுல படவேயில்லையா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்."

மூன்று நாலு மாதம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு உடனே நினைவு வந்தது. ஸ்டூலில் நின்று மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மகள் வந்து, அழுது, லீவு முடிந்து, அழுதுகொண்டே திரும்பிப் போனாள். அவரால் நிற்க முடியவில்லை. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். சட்டையைத் தானே கழற்றினாள், முதல் தடவையாக, வெளிச்சத்தில்.

"கதவைச் சாத்து" என்றார்.

"சாத்த மாட்டேன்."

பார்த்தாள். முதுகெலும்பு கணு கணுவாகத் தெரிந்தது. விலாவுக்குக் கீழே அது இருந்தது, தோலை இழுத்துக்கொண்டு, இரண்டு கை சேர்த்தாலும் மறைக்க முடியாத அளவுக்கு. இடது தோளில் ஒரு மச்சம். இத்தனை வருஷத்தில் அந்த மச்சம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மக்கில் வெந்நீரை மொண்டு ஊற்ற வேண்டியவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய் வரலைடி. சொன்னா நிஜமாயிடும்னு பயம். அங்கே போய்ச் சொல்லிடணும்னுதான் பாப்பாகிட்ட ரூம் போடச் சொன்னேன். உள்ள போனா அந்தக் கண்ணாடி. அப்பாடான்னு இருந்துச்சு. வாயைத் திறக்கவே வேணாம், குளிக்கப் போனா நீயே பாத்துடுவே, அப்புறம் நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்."

"நான்தான் திரை போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, அதைக் கிழிச்சு எறிஞ்சிருக்கக் கூடாதா?"

"நீ எவ்வளவு சந்தோஷமா மடிப்பு வெச்சுக்கிட்டிருந்தே" என்றார். "மனசு வரலை." மூச்சு வாங்கியது. பிறகு, அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், பழைய மனுஷனாக ஒரு தடவை சிரிக்கப் பார்த்தார். "விடு. இதுவும் ஒரு கான்செப்ட்."

அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் ஆறிப்போயிற்று. திரும்பச் சூடு பண்ணிக் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, பார்த்துப் பார்த்துத்தான் குளிப்பாட்டினாள். பார்த்து என்ன பிரயோஜனம்? ரொம்ப நாள் இல்லை. ஒரு காலையில் துடைத்துவிட்டுச் சட்டையை எடுக்கத் திரும்பினாள். திரும்பியவள் மறுபடி பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். இவள் போகவில்லை. வீட்டுத் திரைகளைக் கழற்றி, துவைத்து, மடித்து, கட்டி மூலையில் போட்டாள். தையல் மெஷினைத் துணி போட்டு மூடவில்லை, அப்படியே விட்டாள், தூசி படிந்தது. ஆர்டர் என்று வந்தவர்களிடம் கண் சரியில்லை என்றாள். அவர்கள் நம்பினார்கள். பொய்யும் இல்லையே.

அப்படி இருந்த ஒரு பிற்பகலில் போன் அடித்தது. புது நம்பர்.

"ஆன்ட்டி, ஞாபகம் இருக்கா? தலைகீழ் குடை ரூம்! நான் ரிசப்ஷன்ல இருந்தேனே, நீல முடி!"

"இருக்கும்மா. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் ஆன்ட்டி. ஒரு குட் நியூஸ். வர்ற கெஸ்ட் எல்லாம் அந்தக் கண்ணாடியைத்தான் குறை சொல்றாங்க. நீங்க பெட்ஷீட்ல போட்டிருந்தீங்களே, அந்தப் போட்டோவை மேனேஜர்கிட்ட காட்டினேன். அசந்துட்டார். எல்லா ரூமுக்கும் அதே மாதிரி ஸ்கிரீன் வேணுமாம், நீங்களே தைக்கணுமாம். எத்தனை ரூம் தெரியுமா ஆன்ட்டி? அங்கிளையும் கூட்டிட்டு வந்து தங்கியே அளவு எடுங்க. ஸ்பிரிங் போயிடுச்சுன்னாரே, அந்த எடை மெஷினைக் கூட அவர் ரிப்பேர் பண்ணிக் குடுக்கலாம். எங்க ஆளுங்க என்னடான்னா, பாத்துட்டு அது சரியாத்தான் இருக்குங்கறாங்க."

எதிரே மூடாத ஜன்னல். தெருவில் போன ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஆன்ட்டி? லைன்ல இருக்கீங்களா?"

"வேணாம்மா."

"ரேட் பத்திக் கவலைப்படாதீங்க ஆன்ட்டி, நீங்க சொல்றதுதான்..."

"அதுக்கில்லம்மா. போடாதீங்க. நான்னு இல்ல, யாரை விட்டும் போடாதீங்க. கூச்சப்படறவங்க ரெண்டு நாள் கூச்சப்பட்டுக்கட்டும்." போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "அதுதானே உங்க கான்செப்ட்? ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கட்டும்மா. நல்லாப் பாத்துக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி ஆன்ட்டி, அங்கிள்கிட்டயும் கேட்டுட்டு சொல்லுங்க" என்றாள்.